கம்ப்யூட்டர் ஹேங் ஆகிறது, தானாக ரீஸ்டார்ட் ஆகிறது: ஃபார்மட் அடிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

எங்கள் தெருவிலும் சொந்தக்காரர்கள் வீட்டிலும் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் முதல் போன் எனக்குத்தான் வரும். இத்தனை வருடத்தில் அதிகம் கேட்ட புகார் ஒன்றுதான்: "ஹேங் ஆகி நிக்குது, இல்லன்னா தானா ஆஃப் ஆகி ஆன் ஆகுது." அதற்குப் பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கும் பதிலும் இரண்டே இரண்டு. ஃபார்மட் அடிச்சிடலாம், அல்லது போர்டு போச்சு. ஃபார்மட் அடித்து, குழந்தைகளின் போட்டோ எல்லாம் அழிந்துபோன பிறகும் அதே மாதிரி ரீஸ்டார்ட் ஆன சிஸ்டங்களை நான் பார்த்திருக்கிறேன். கோளாறு இருந்தது சுவரில் இருந்த பிளக் பாயிண்டில். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கீழே இருப்பது விண்டோஸ் 10 அல்லது 11 ஓடும் டெஸ்க்டாப்புக்கானது. லேப்டாப்புக்கும் பாதி பொருந்தும்.

## எதையும் கழற்றுவதற்கு முன்

முதல் வேலை, சிஸ்டம் அரை மணி நேரம் ஒழுங்காக ஓடினாலும் போதும், போட்டோ, வீட்டுப் பத்திரங்களின் ஸ்கேன், பிள்ளைகளின் ப்ராஜெக்ட் என்று முக்கியமானதை எல்லாம் பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்கிலோ காப்பி எடுத்துவிடுங்கள். கோளாறு டிஸ்கில் என்றால், ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் அது இன்னும் மோசமாகலாம்.

இரண்டாவது, விண்டோஸ் தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்துங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபவுட், அங்கே அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ் என்று ஒரு இணைப்பு இருக்கும். அதைத் திறந்து ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி பகுதியின் செட்டிங்ஸுக்குள் போய், ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். இனிமேல் ப்ளூ ஸ்கிரீன் (விண்டோஸ் பெரிய பிழையில் நின்றுபோனால் வரும் நீலத் திரை, புதிய விண்டோஸ் 11இல் கறுப்பாக இருக்கும்) வந்தால் கண்சிமிட்டும் நேரத்தில் மறையாமல் அப்படியே நிற்கும். இந்த ஒரு டிக்கை எடுத்தாலே பாதி வழி தெரிந்துவிடும்.

அப்புறம் மானிட்டர் பக்கத்தில் ஒரு தாள் வையுங்கள். எத்தனை மணிக்கு நடந்தது, என்ன வேலை ஓடிக்கொண்டிருந்தது, வீட்டில் அந்த நேரத்தில் வேறு என்ன ஓடியது, இந்த மூன்றை மட்டும் எழுதுங்கள். நான்கைந்து தடவை எழுதினாலே ஒரு ஒழுங்கு தெரியும். அடுத்த முறை நடக்கும்போது என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போய்ப் படியுங்கள்.

## பட்டென்று அணைந்து, தானாக எழுகிறது, ப்ளூ ஸ்கிரீன் வரவில்லை

இது கரன்ட் போன மாதிரி இருக்கும். பல சமயம் உண்மையிலேயே கரன்ட்தான் போயிருக்கும், அந்த ஒரு நொடியின் சிறு துண்டுக்கு.

கேபினட்டின் பின்னால் எஸ்எம்பிஎஸ்ஸில் (சுவர் கரன்ட்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) சொருகியிருக்கும் பவர் கேபிளை அழுத்திப் பாருங்கள். தளர்ந்திருந்தால், யாராவது மேசையை நகர்த்தினாலே அணையும். அடுத்து ஸ்பைக் பஸ்டரைக் கழற்றிவிட்டு நேராகச் சுவர் பாயிண்டில் மாட்டுங்கள். பழைய ஸ்பைக் பஸ்டருக்குள் பித்தளைப் பட்டைகள் விரிந்து பிடிப்பு விட்டுப்போயிருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது.

பக்கத்து வீட்டு சிஸ்டம் ஒன்று தினமும் சாயங்காலம் ஆறு, ஆறரைக்கு ரீஸ்டார்ட் ஆகும். அவர்கள் இரண்டு முறை விண்டோஸ் மாற்றிப் போட்டிருந்தார்கள். தாளில் எழுதச் சொன்னேன். மூன்றாம் நாளே அந்த வீட்டு அக்கா சொல்லிவிட்டார், "தம்பி, தண்ணி மோட்டார் போடுற நேரம்தான் இது." போர் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் இறங்குகிறது, எஸ்எம்பிஎஸ் பழசாகியிருந்ததால் அந்த இறக்கத்தைத் தாங்கவில்லை. மோட்டார் மட்டுமில்லை, ஃப்ரிட்ஜ், ஏசி, மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் எதுவும் இதைச் செய்யும். கம்ப்யூட்டரை வேறு அறையில், வேறு லைனில் இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் கம்ப்யூட்டர் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கேபினட்டைத் தொட்டால் கையில் சுரீர் என்று இழுத்தாலும் அவரைத்தான் கூப்பிட வேண்டும். அது எர்த் சரியில்லை என்பதற்கு அடையாளம், அதைத் தள்ளிப்போடவே கூடாது.

யுபிஎஸ் இருக்கிறதா? இருந்தால் சந்தேகம் அதன் மேலும் போக வேண்டும். வேலையை எல்லாம் சேவ் செய்து மூடிவிட்டு, யுபிஎஸ்ஸின் சுவர் ஸ்விட்சை மட்டும் அணைத்துப் பாருங்கள். சிஸ்டம் உடனே செத்தால் யுபிஎஸ் பேட்டரி போய்விட்டது. வீட்டு யுபிஎஸ்ஸில் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று வருடம் உழைத்தால் பெரிது. பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும். வீடு முழுக்க இன்வெர்ட்டர் என்றால், அதில் யுபிஎஸ் மோட், நார்மல் மோட் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். நார்மல் மோடில் லைட்டும் ஃபேனும் தாங்கும், கம்ப்யூட்டர் தாங்காது. ஸ்விட்சை யுபிஎஸ் பக்கம் தள்ளினால் பிரச்சினை முடிந்துபோன வீடுகள் உண்டு.

எல்லோரும் மறப்பது முன்பக்க பட்டன். கேபினட்டின் ரீசெட் பட்டன் அழுக்கேறி உள்ளேயே சிக்கிக்கொண்டால் சிஸ்டம் நினைத்த நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகும். பவரைத் துண்டித்துவிட்டு, மதர்போர்டின் மூலையில் ரீசெட் என்று எழுதியிருக்கும் சின்ன இரட்டை வயரை உருவிவிடுங்கள். அது இல்லாமல் சிஸ்டம் நன்றாகவே ஓடும். பைசா செலவு இல்லை.

இதெல்லாம் சரியாக இருந்து, கேம் ஆடும்போதும் வீடியோ எடிட் செய்யும்போதும் மட்டும் அணைகிறது என்றால் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ்தான். கேபினட்டோடு சேர்ந்து வரும் மலிவான எஸ்எம்பிஎஸ்ஸில் 450 வாட் என்று ஸ்டிக்கர் இருக்கும், அவ்வளவும் அது தரும் என்று நம்ப வேண்டாம். பயாஸுக்குள் (ஆன் ஆனவுடன் டெலீட் அல்லது எஃப்2 கீயைத் தட்டினால் வரும் போர்டின் செட்டிங்ஸ் திரை) ஹார்ட்வேர் மானிட்டர் பக்கத்தில் 12 வோல்ட் லைன் 11.4க்கும் 12.6க்கும் நடுவில் இருக்க வேண்டும். ஆனால் அந்த எண் சரியாக இருப்பதாலேயே எஸ்எம்பிஎஸ் நல்லது என்று முடிவு கட்ட முடியாது, ஏனென்றால் பயாஸ் பக்கத்தில் லோடே இல்லை. நன்றாக ஓடும் வேறு ஒன்றை மாட்டிப் பார்ப்பதுதான் உறுதியான சோதனை. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் நீங்கள் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் ஆளைத் தூக்கி எறியும் அளவுக்குக் கரன்ட் தங்கியிருக்கும். கருகிய வாடை வந்தாலோ உள்ளே டப்பென்று சத்தம் கேட்டாலோ சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டு, கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறந்து பார்த்தால் கெர்னல் பவர் 41 என்று சிவப்பில் வரிசையாக இருக்கும். பவர் என்ற சொல்லைப் பார்த்தவுடன் எஸ்எம்பிஎஸ் வாங்க ஓடுபவர்கள் நிறைய. "ஒழுங்காக ஷட் டவுன் ஆகாமல் நின்றுபோனேன்" என்பது மட்டும்தான் அதன் அர்த்தம். ஏன் நின்றது என்று அது சொல்லாது. ரேம் கெட்டாலும் சூட்டினால் அணைந்தாலும் இதே 41தான் வரும். அதற்குச் சற்று முன்னால் டிஸ்க் என்றோ வியா லாகர் (WHEA-Logger, ஹார்ட்வேர் பிழைகளின் பதிவு) என்றோ வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள், அவைதான் உபயோகமானவை.

## காலையில் ஒழுங்காக ஓடுகிறது, மதியம் அணைகிறது

சூடு. வேறு யோசனையே வேண்டாம், முதலில் சூட்டைப் பாருங்கள்.

கேபினட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு, டேபிள் ஃபேனை நேராக உள்ளே அடிக்கும்படி வைத்து ஒரு மதியம் ஓட்டுங்கள். அணையவில்லை என்றால் நோய் உறுதி. எண்ணாகவே பார்க்க வேண்டும் என்றால் ஹெச்டபிள்யூமானிட்டர் என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். சும்மா இருக்கும்போது ப்ராசஸர் 35 முதல் 50 டிகிரி வரை இருக்கலாம், மே மாதத்தில் இன்னும் கொஞ்சம் ஏறும், அது பரவாயில்லை. சாதாரண வேலைக்கே 90ஐத் தாண்டினால் கூலரில் (ப்ராசஸர் மேல் உட்காரும் ஃபேன்) கோளாறு. 100ஐ ஒட்டி வந்தால் ப்ராசஸர் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும், அதையும் மீறினால் அணைத்துக்கொள்ளும்.

கம்ப்யூட்டர் டேபிளின் மூடிய அறைக்குள் கேபினட்டை வைத்து, பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தால் முதலில் அதை வெளியே எடுத்து வையுங்கள். அடுத்தது தூசி. பவரைப் பிடுங்கி, மாடிக்கோ வாசலுக்கோ கொண்டுபோய், பெயிண்ட் பிரஷ்ஷாலும் ப்ளோயராலும் கூலர், எஸ்எம்பிஎஸ் ஓட்டைகள், கிராஃபிக்ஸ் கார்டு எல்லாவற்றையும் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கண்டபடி சுற்றிப் பேரிங் போகும். ஈரத்துணி கூடவே கூடாது.

இன்டெல் ப்ராசஸரோடு வரும் கூலரை நான்கு பிளாஸ்டிக் பின்கள் பிடித்திருக்கும். அதில் ஒன்று எழும்பிவிட்டால் கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், ஃபேன் நன்றாகச் சுற்றும், சூடு மட்டும் இறங்காது. நான் பார்த்த சூட்டுக் கேஸ்களில் பல இந்தப் பின்தான். கூலரை லேசாக ஆட்டிப் பாருங்கள், ஆடக் கூடாது. நான்கைந்து வருடம் ஆன சிஸ்டத்தில் ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே இருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், பழையதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதிதாக வைத்தால் போதும். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் ப்ராசஸராக இருந்தால் ஜாக்கிரதை. காய்ந்த பேஸ்டோடு கூலரை நேராக மேலே இழுத்தால் ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து பின்கள் வளைந்துவிடும். கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, பவரை நிறுத்திய கையோடு கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருகிவிட்டு எடுங்கள். கை நடுங்கினால் இந்த ஒரு வேலையை மட்டும் கடையில் கொடுத்துவிடலாம், பெரிய செலவில்லை.

## ப்ளூ ஸ்கிரீன் வருகிறது

போனில் போட்டோ எடுங்கள். கீழே ஸ்டாப் கோட் என்று இருக்கும் வரிதான் முக்கியம். மூன்று நான்கு போட்டோ சேர்ந்த பிறகு ஒப்பிடுங்கள்: ஒவ்வொரு தடவையும் வேறு வேறு கோட் வருகிறதா, ஒரே கோட் வருகிறதா?

வேறு வேறு என்றால் முதல் சந்தேகம் ரேம் மேல். பவரைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றி, கேபினட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு ரேமைக் கழற்றுங்கள். தங்க நிறப் பற்களை வெள்ளை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள் இல்லாமல் துடைத்து, ஸ்லாட்டையும் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, கிளிப் டக்கென்று விழும்வரை அழுத்தி மாட்டுங்கள். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றில் இந்தப் பற்கள் சீக்கிரமே மங்கும். இரண்டு ரேம் இருந்தால் ஒரு நாளைக்கு ஒன்றாக மாட்டி ஓட்டுங்கள். எதை மாட்டினால் மக்கர் செய்கிறதோ, அதை அடுத்த ஸ்லாட்டிலும் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் கெட்டது ரேமா ஸ்லாட்டா என்று தெரியாமல் புது ரேம் வாங்கினால் பணம் வீண். விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் இருக்கிறது. அதைவிடக் கறாரானது மெம்டெஸ்ட்86, பென் டிரைவில் ஏற்றி ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேம் வேண்டாம். பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டும் வசதி) ஆன் ஆகியிருந்தால் அதை அணைத்துவிட்டு ஒருமுறை சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒரே கோட் திரும்பத் திரும்ப வந்தால் டிரைவர் (ஒரு பாகத்தை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) பக்கம் போங்கள். வீடியோ டிடிஆர் (VIDEO_TDR) என்று தொடங்கினால் கிராஃபிக்ஸ் டிரைவர். பிரச்சினை தொடங்கிய வாரத்தில் புதிதாக என்ன ஏறியது? அப்டேட்டா, பிரிண்டரா, இரண்டாவதாக ஒரு ஆன்டிவைரஸா? அதை எடுத்துவிட்டுப் பாருங்கள், அல்லது சிஸ்டம் ரீஸ்டோரில் பழைய தேதிக்குப் போங்கள்.

வியா அன்கரெக்டபிள் எரர் என்று வந்தால் அது ஹார்ட்வேர், சூட்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் மறுபடி பாருங்கள். உங்களுடையது இன்டெல் 13ஆம் அல்லது 14ஆம் தலைமுறை ப்ராசஸர், அதிலும் ஐ7, ஐ9 வகை என்றால் இதைக் கவனியுங்கள். அந்தச் சிப்புகள் அளவுக்கு மீறிய வோல்டேஜ் கேட்டு நாளடைவில் பழுதாவதை இன்டெல்லே ஒப்புக்கொண்டு, 2024இல் மைக்ரோகோட் (ப்ராசஸருக்குள்ளேயே ஓடும் நிரல்) திருத்தங்களை வெளியிட்டது. அது மதர்போர்டின் பயாஸ் அப்டேட் வழியாகத்தான் வரும். ஏற்கெனவே பழுதான சிப்பை அப்டேட் சரி செய்யாது, ஆனால் பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியை இரண்டு வருடம் நீட்டித்திருக்கிறார்கள். எனவே புது ப்ராசஸர் வாங்குவதற்கு முன் பில்லைத் தேடுங்கள். பயாஸ் அப்டேட் நடக்கும்போது கரன்ட் போனால் போர்டு எழாமல் போகலாம், நல்ல யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள்.

## திரை அப்படியே உறைந்து நிற்கிறது

கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். லைட் எரிந்து அணைந்தால் சிஸ்டம் உள்ளே உயிரோடு இருக்கிறது, திரைப் பக்கம்தான் சிக்கல். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி என்ற நான்கு கீகளையும் சேர்த்து அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். திரை ஒருமுறை சிமிட்டி உயிர் வந்துவிட்டால் குற்றவாளி டிரைவர் அல்லது கார்டு. தனி கார்டு இருந்தால் அதைக் கழற்றிவிட்டு, போர்டிலேயே இருக்கும் டிஸ்ப்ளே போர்ட்டில் மானிட்டரை மாட்டி ஓட்டுங்கள் (உங்கள் ப்ராசஸரில் கிராஃபிக்ஸ் இருந்தால்தான் இது நடக்கும்).

லைட் எரியவில்லை, பாட்டு வேறு "ட்ர்ர்ர்" என்று ஒரே இடத்தில் இழுக்கிறது என்றால் சிஸ்டம் முழுதாக உறைந்துவிட்டது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு, மேலே சொன்ன ரேம் சோதனையை முதலிலும் சூட்டை அடுத்தும் பாருங்கள்.

## ஒரு நிமிடம் நின்று, தானாக மீள்கிறது

இது அநேகமாக டிஸ்க். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று நிற்கும், ஆனால் பக்கத்தில் வேகம் ஒரு எம்பிகூட இருக்காது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டால் நிறத்திலேயே சொல்லிவிடும்: நீலம் நல்லது, மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு என்றால் முடிந்தது. மஞ்சள் வந்தால் ஸ்கேன், ரிப்பேர் எதையும் ஓட்டாதீர்கள், முதலில் காப்பி எடுங்கள். சாகப்போகிற டிஸ்கை மூலை முடுக்கெல்லாம் படிக்கவைத்தால் அந்தச் சோதனையிலேயே அது நின்றுவிடலாம்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ காட்டும் பட்டியலில் சிஆர்சி எரர் (தகவல் கேபிளில் போகும்போது நேரும் பிழை) எண் மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்கைக் குறை சொல்லாதீர்கள், டிஸ்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றுங்கள். நூறு இருநூறு ரூபாய் விஷயம். இதற்காக டிஸ்க்கையே மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டிஸ்க் நீலமாக இருந்தும் நிற்கிறது என்றால் சி டிரைவில் இடம் இருக்கிறதா பாருங்கள், 20 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். 4 ஜிபி ரேமில் விண்டோஸையும் குரோமையும் ஓட்டினால் நிற்கத்தான் செய்யும், அது கோளாறே இல்லை, ரேமைக் கூட்ட வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்ததால்தான் ஹேங் ஆகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது என்பது உண்மை, அதற்காக மாற்றுவது நல்லது, ஆனால் அதனால் சிஸ்டம் உறையாது.

ஹார்ட் டிஸ்கிலிருந்து டக், டக் என்று சத்தம் வருகிறது, காப்பியும் எடுக்கவில்லை, உள்ளே இருப்பது திரும்பக் கிடைக்காத படங்கள். இந்த நிலையில் உடனே அணைத்துவிடுங்கள். இன்னொரு தடவை ஆன் செய்து பார்க்கலாமே என்று தோன்றும், செய்யாதீர்கள். டேட்டா ரெக்கவரி மட்டுமே செய்கிற இடத்துக்குக் கொண்டுபோங்கள். செலவு அதிகம்தான், ஆனால் வீட்டில் செய்ய எதுவும் இல்லை.

## விண்டோஸுக்குள்ளேயே போகாமல் சுற்றிச் சுற்றி ரீஸ்டார்ட்

கீபோர்டும் மவுஸும் தவிர யுஎஸ்பியில் இருக்கும் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். ஒரு கெட்ட பென் டிரைவ்கூட இதைச் செய்யும். தேதியும் நேரமும் பழைய வருடத்துக்குப் போயிருந்தால் போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல்லை மாற்றுங்கள், வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

இப்போது முக்கியமான சோதனை. ஆன் ஆனவுடன் டெலீட் அல்லது எஃப்2 கீயைத் தட்டி பயாஸுக்குள் போய், ஒன்றும் செய்யாமல் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். அங்கேயே ரீஸ்டார்ட் ஆனால் விண்டோஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. விண்டோஸ் இன்னும் ஏறவே இல்லையே! ஃபார்மட் அடிக்கலாம் என்று யார் சொன்னாலும் இதைச் சொல்லிக் காட்டுங்கள். பயாஸில் நின்று ஓடினால், விண்டோஸ் தொடங்கும்போது பவர் பட்டனை அழுத்தி மூன்று முறை அணையுங்கள், அடுத்த முறை ரிப்பேர் திரை வரும். ஸ்டார்ட்அப் ரிப்பேர், அப்புறம் கடைசியாக ஏறிய அப்டேட்டை நீக்குவது, அப்புறம் சேஃப் மோட் (அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் நிலை) என்ற வரிசையில் போங்கள். சேஃப் மோடில் மணிக்கணக்கில் நிம்மதியாக ஓடி, ரேமும் டிஸ்கும் சோதனையில் தேறி, அதற்குப் பிறகும் சாதாரணமாக ஏறவில்லை என்றால்தான் ஃபார்மட்.

பயாஸிலேயே விழுகிறது, ஒரு ரேம் மட்டும் போட்டும், வேறு எஸ்எம்பிஎஸ் மாட்டியும் விழுகிறது என்றால் மீதி இருப்பது போர்டும் ப்ராசஸரும். பழைய போர்டில் ப்ராசஸரைச் சுற்றி இருக்கும் உருளைக் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா, பழுப்பாகக் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் போர்டில்தான் கோளாறு, வீட்டில் நம் வேலை முடிந்தது.

## கடைக்குக் கொண்டுபோகும்போது

ஹார்ட் டிஸ்கையும் எஸ்எஸ்டியையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், டிஸ்க் சம்பந்தமான புகார் என்றால் தவிர. பயாஸில் விழுவதைக் காட்ட டிஸ்க் தேவையில்லை. எழுதிவைத்த தாளையும் ஸ்டாப் கோட் போட்டோக்களையும் காட்டுங்கள். நல்ல மெக்கானிக் அதைப் பார்த்தவுடன் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். போர்டு போச்சு என்றால், அவர்களிடம் இருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸையும் ரேமையும் மாட்டி உங்கள் கண்ணெதிரே ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், அது பத்து நிமிட வேலை. எதை மாற்றினாலும் பழைய பாகத்தைத் திரும்பக் கேட்டு வாங்கி, சீரியல் நம்பர் போட்ட பில்லோடு வீட்டுக்கு வாருங்கள். மாற்றிய பிறகும் ஒரு வாரத்துக்கு அந்தத் தாள் மானிட்டர் பக்கத்திலேயே இருக்கட்டும், ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட் டிக்கையும் அதுவரை திரும்பப் போட வேண்டாம்.